வலிப்பு நோயும் வளரும் பிள்ளைகளும்: மறைப்பதால் கூடும் துன்பம்

வலிப்பு நோய் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் மனத்தில் எழும் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். ஒருவர் திடீரென்று கீழே விழுகிறார். கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். இரண்டு மூன்று நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடுகிறது. சுற்றி நின்றவர்கள் கலைந்து போகிறார்கள்.

அந்த இரண்டு மூன்று நிமிடங்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஆனால், மாதத்திற்கு ஒரு முறை வலிப்பு வரும் பதினைந்து வயதுப் பையனுக்கு மாதத்தின் மற்ற நேரமெல்லாம் எப்படிப் போகிறது? வகுப்பில் அவன் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? அவன் ஏன் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறான்? ஏன் புத்தகத்தைத் திறந்தவுடன் சோர்ந்து போகிறான்? வேலைக்குப் போவானா, மோட்டார் ஓட்டுவானா, கல்யாணம் செய்துகொள்வானா? மருத்துவர்கள் 'வாழ்க்கைத் தரம்' என்று சொல்வது இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான். இன்றைய பகுதி வலிப்பைப் பற்றி மட்டும் அல்லாமல், வலிப்போடு வளரும் பிள்ளைகளின் குணம், நடத்தை, எதிர்காலம் ஆகியவற்றைப் பற்றியும் பேசுகிறது.

எத்தனை பேருக்கு இருக்கிறது?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கிறார்கள். சரியாகக் கண்டறிந்து சரியான மருந்து கொடுத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் அந்நிறுவனம் சொல்கிறது. மலேசியாவில் 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று, 1000 பேரில் ஏறக்குறைய 8 பேருக்கு வாழ்நாளில் இந்நோய் இருந்திருக்கிறது என்றும், அவர்களில் ஏறக்குறைய 4 பேருக்கு நோய் இன்னும் தீவிரமாக இருக்கிறது என்றும் காட்டியது.

இந்தக் கணக்கை ஒரு பள்ளிக்குப் பொருத்திப் பாருங்கள். ஆயிரம் மாணவர்கள் படிக்கும் ஓர் இடைநிலைப்பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகள் சிலராவது இருப்பார்கள். ஸ்கூடாய், மாசாய், பாசிர் கூடாங், கூலாய், குளுவாங், சிகாமட் என்று ஜொகூரில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் நிலைமை இதுதான். ஆனால், "எங்கள் வீட்டில் இருக்கிறது" என்று சொல்லும் குடும்பம் எத்தனை?

மூளையில் உள்ள நரம்பு அணுக்கள் மின் அலைகளின் மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்த மின் ஓட்டம் சிறிது நேரம் கட்டுக்கு அடங்காமல் பொங்குவதே வலிப்பு. காய்ச்சலோ, தலையில் அப்போதுதான் பட்ட அடியோ, சர்க்கரை குறைவோ போன்ற உடனடிக் காரணம் இல்லாமல், ஒரு நாளுக்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு முறை வலிப்பு வந்தால் அதை வலிப்பு நோய் என்கிறார்கள். ஒரே ஒரு முறை வந்திருந்தாலும், மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்று பரிசோதனைகள் காட்டினால் அதுவும் வலிப்பு நோய்தான் என்று அனைத்துலக வலிப்பு நோய் எதிர்ப்புக் கழகம் 2014இல் விளக்கம் கொடுத்தது. இது தொற்று நோய் அல்ல. பைத்தியமும் அல்ல. முன்வினையின் தண்டனையும் அல்ல.

பெயரிலேயே ஒட்டிக்கொண்ட பழி

இந்நோய்க்கு மக்கள் வைத்த பெயர்களைப் பார்த்தால் மனம் கனக்கும். மலாய்ப் பேச்சு வழக்கில் பன்றியோடு சேர்த்துச் சொல்லும் 'கீலா பாபி' என்ற பழைய பெயர் உண்டு. சீன மொழியில் ஆட்டோடு சேர்த்துச் சொல்லும் பெயர் உண்டு. தமிழில் 'கால் கை வலிப்பு' என்பது பேச்சில் திரிந்து 'காக்காய் வலிப்பு' ஆகிவிட்டது என்பார்கள். பெயர் மாறினால் பார்வையும் மாறும் என்று எண்ணி, ஹாங்காங்கிலும் கொரியாவிலும் மருத்துவர்கள் இந்நோய்க்குப் புதிய பெயர் சூட்டினார்கள். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்தப் பெயர்ச் சிக்கலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

நம் இலக்கியத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது: 'முயலகன்'. நடராசப் பெருமானின் காலடியில் கிடப்பவனும் அவனே. கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு முயலகன் என்னும் நோய் கண்டதையும், திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவள் எழுந்ததையும் பெரியபுராணம் சொல்கிறது. ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே தமிழர் இந்நோயை அறிந்திருந்தார்கள் என்பது ஒரு செய்தி. அதைவிட முக்கியமான செய்தி, நாடாளும் தந்தை தன் மகளின் நோயை அரண்மனைக்குள் பூட்டி வைக்கவில்லை என்பது. ஊரறியக் கோயிலுக்குக் கொண்டுவந்தான். இன்று தாமான் வீடுகளில் அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொள்கிறோம்.

பிள்ளையின் குணம் ஏன் மாறுகிறது?

"நல்ல பிள்ளையாகத்தான் இருந்தான். இப்போது எடுத்ததற்கெல்லாம் கோபம். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்பது பல பெற்றோர்களின் குறை. இதை வயதுக் கோளாறு என்றோ, செல்லம் கொடுத்ததன் விளைவு என்றோ ஒதுக்கிவிட முடியாது.

பிரிட்டனில் 5 முதல் 15 வயது வரையுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. மனநலச் சிக்கலோ நடத்தைச் சிக்கலோ வலிப்பு நோயுள்ள பிள்ளைகளில் 37 விழுக்காட்டினருக்கு இருந்தது. நீரிழிவு உள்ள பிள்ளைகளில் அது சுமார் 11 விழுக்காடு. மற்றப் பிள்ளைகளில் சுமார் 9 விழுக்காடு. நீரிழிவும் நாள்தோறும் ஊசி, உணவுக் கட்டுப்பாடு என்று பிள்ளையை வாட்டும் நீண்டகால நோய்தான். அப்படியிருந்தும் இத்தனை வேறுபாடு என்றால், நோயாளி என்ற கவலை மட்டும் இதற்குக் காரணம் அல்ல என்பது தெளிவாகிறது.

காரணங்களை நான்காகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, மூளையே. வலிப்பை உண்டாக்கும் அதே நரம்புப் பாதைகள் கவனம், நினைவாற்றல், மன உணர்வு ஆகியவற்றோடும் தொடர்புடையவை. அதனால்தான் கவனக்குறைவும் துறுதுறுப்பும், அதாவது ஏடிஎச்டி, இந்தப் பிள்ளைகளிடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத வலிப்பு. எல்லா வலிப்பும் கீழே தள்ளாது. சில பிள்ளைகள் பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். இது ஒரு நாளில் பல முறை வரலாம். ஆசிரியர் "கனவு காண்கிறான்" என்று திட்டுவார். பாடத்தில் பாதி அவன் காதில் விழுந்திருக்காது. சிலருக்குத் தூக்கத்தில் வலிப்பு வரும். காலையில் களைத்துப் போய் எழுந்து, யார் பேசினாலும் சீறுவார்கள்.

மூன்றாவது, மருந்து. இதைப் பின்னர் விரிவாகப் பார்க்கலாம்.

நான்காவது, நாம் நடத்தும் விதம். "ஓடாதே, நீந்தாதே, தனியாகப் போகாதே, யாரிடமும் சொல்லாதே." காலை முதல் இரவு வரை இதையே கேட்டு வளரும் பிள்ளை, தன்னிடம் வெட்கப்பட வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது என்று முடிவு செய்துகொள்கிறது. நண்பர்கள் எதிரில் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வேறு. சில பிள்ளைகள் அதைக் கோபமாகக் காட்டுவார்கள். சிலர் வாயே திறக்க மாட்டார்கள். சத்தம் போடும் பிள்ளையைக் காட்டிலும் ஒடுங்கிப்போன பிள்ளையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்தில் 85 பிள்ளைகளைச் சோதித்து 2014இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 80 விழுக்காட்டினருக்கு நடத்தைச் சிக்கலோ கற்றல் சார்ந்த குறையோ இருந்தது தெரியவந்தது. ஆனால், மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டுமே அது முன்னர் கண்டறியப்பட்டிருந்தது. மருத்துவரும் பெற்றோரும் வலிப்பை எண்ணிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையின் மனத்தை யாரும் கவனிக்கவில்லை.

மருந்தும் மன மாற்றமும்

புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றுவிடும் என்பதை ஸ்காட்லாந்தில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான புகழ்பெற்ற ஆய்வு காட்டியது. ஆகவே, மருந்துதான் முதல் துணை. ஆனால், மருந்துக்கும் குணத்திற்கும் தொடர்பு உண்டு என்பதைப் பெற்றோர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

லெவெட்டிராசெட்டம் நல்ல மருந்து. பலருக்கு வலிப்பை நிறுத்துகிறது. ஆனால், சில பிள்ளைகளிடம் அது எரிச்சலையும் கோபத்தையும் தூண்டும். பினோபார்பிட்டால் சிறு பிள்ளைகளை நிலைகொள்ளாமல் ஆக்கலாம். டோபிராமேட் சாப்பிடும் சிலருக்குப் பேசும்போது சொல் வராமல் தடுமாறும். அப்படிப்பட்ட பிள்ளை வாய்மொழித் தேர்வில் தடுமாறினால், அது சோம்பேறித்தனம் அல்ல.

இந்த மாற்றம் மருந்து தொடங்கிய பிறகு வந்ததா, அதற்கு முன்பே இருந்ததா என்று தேதியோடு குறித்து வைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ அவரால் முடியும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். "ஆறு மாதமாக வரவில்லை, இனி எதற்கு மருந்து?" என்று நிறுத்தியதால் அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் உண்டு. பிள்ளைகளுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டுகளாவது வலிப்பு இல்லாமல் இருந்த பிறகே மருந்தைப் படிப்படியாகக் குறைப்பது பற்றி மருத்துவர் யோசிப்பார். சில வகை நோய்க்கு அதற்கும் மேலாக நீண்ட காலம் மருந்து தேவைப்படும்.

பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் வலிப்பு நிற்கவில்லை என்றால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்கிறார்கள். அப்போது நரம்பியல் நிபுணரிடம் அறுவைச் சிகிச்சை, சிறப்பு உணவு முறை ஆகியவற்றைப் பற்றிக் கேட்பது பெற்றோரின் உரிமை.

பாலத்தைக் கடக்கும் இளைஞர்கள்

ஜொகூருக்கென்றே உள்ள ஒரு கவலை இது. எஸ்.பி.எம். முடித்த கையோடு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் ஏராளம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, மோட்டாரில் பாலத்தைக் கடந்து, பகல் இரவு என மாறி மாறி வேலை செய்து, இரவு வெகுநேரம் கழித்து வீடு திரும்புகிறார்கள். சரியாகத் தூங்குவதில்லை. வலிப்பைத் தூண்டும் காரணங்களில் தூக்கமின்மைக்கு முக்கிய இடம் உண்டு.

12 முதல் 18 வயதுக்குள் தொடங்கும் ஒரு வகை வலிப்பு நோய் இருக்கிறது. காலையில் எழுந்தவுடன் கைகள் வெட்டி இழுக்கும். தேநீர்க் கோப்பை கையிலிருந்து நழுவி விழும். வீட்டில் "கவனம் இல்லாதவன்" என்பார்கள். சரியாகத் தூங்காத ஒரு நாளின் மறுநாள் காலையில் பெரிய வலிப்பாக வந்து தாக்கும். அந்த நேரத்தில் அவன் மோட்டாரில் இருந்தால்?

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், வாகனம் ஓட்டும் உரிமம் தொடர்பில் வலிப்பு நோயைப் பெயர் குறிப்பிட்டே சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்டே பலர் நோயை மறைத்து உரிமம் எடுக்கிறார்கள். மோட்டார் இல்லை என்றால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் வீட்டுத் தவணை கட்ட முடியாது என்பது அவர்களின் நெருக்கடி. அதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால், ஒரு நொடி நினைவு தப்பினால் போவது அவன் உயிர் மட்டும் அல்ல. பின்னால் வருபவனின் உயிரும்தான். வலிப்பு கட்டுப்பாட்டில் இல்லாதவரை பேருந்திலோ, நண்பரோடு காரிலோ போவதே நல்லது. ஓட்டுவது பற்றிய முடிவை மருத்துவரோடு பேசியே எடுக்க வேண்டும்.

உயரத்தில் ஏறும் வேலை, பெரிய இயந்திரங்களோடு செய்யும் வேலை, இரவு நேர வேலை ஆகியவற்றைத் தவிர்த்தாலும் செய்வதற்கு எத்தனையோ தொழில்கள் உள்ளன. கணக்கு, கணினி, ஆசிரியர் பணி, சமையல், வடிவமைப்பு என்று பட்டியல் நீளும். தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் வலிப்பு நோய் உள்ளவர். உலகமே வியந்த களத்தடுப்பாளராக விளங்கியதோடு, தம் நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசவும் செய்தார்.

பெண் பிள்ளை என்றால் இரட்டைச் சுமை

மகளுக்கு வலிப்பு என்றால் பெற்றோரின் முதல் கவலை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று மறைக்கிறார்கள். கல்யாணத்திற்குப் பிறகு கணவன் எதிரில் மாத்திரை போட முடியாமல் அவள் மருந்தை விடுகிறாள். வலிப்பு திரும்புகிறது. உண்மை வெளியாகிறது. பிறகு நடப்பதை விவரிக்கத் தேவையில்லை. இந்தியாவில் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்திற்குத் தடையாக வைத்திருந்த விதியே 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டம் விட்டுவிட்டதை நம் மனம் இன்னும் விடவில்லை.

மருத்துவக் காரணம் ஒன்றும் இருக்கிறது. வால்புரோவேட் என்னும் மருந்தைக் கர்ப்ப காலத்தில் எடுத்தால், பிறக்கும் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்கு உடற்குறை ஏற்படலாம். 30 முதல் 40 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியில் சிக்கல் வரலாம். எனவே, பருவம் அடைந்த பெண் இந்த மருந்தைச் சாப்பிட்டுவந்தால், கல்யாணப் பேச்சு எழுவதற்கு வெகு முன்பே மாற்று மருந்து பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். இதிலும் தானாக நிறுத்துவது கூடாது. முறையாகத் திட்டமிட்டால் வலிப்பு நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமான குழந்தையைப் பெற்றெடுக்கிறார்கள்.

அடிக்கடி கேட்கப்படும் சில கேள்விகள்

*கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்குமா?*

நிற்காது. வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே நிற்கும். அதே நேரத்தில் இரும்பைக் கொடுப்பதால், இரும்புதான் நிறுத்தியது என்று நம்புகிறோம். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். பல் உடையும், மூச்சு அடைக்கும். கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம். சுற்றியுள்ள கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். தலைக்கு அடியில் மென்மையாக எதையாவது வையுங்கள். இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்த வலிப்பு வந்தாலோ 999க்கு அழையுங்கள்.

*தொலைக்காட்சி, கணினி விளையாட்டால் வலிப்பு வருமா?*

விட்டு விட்டு மின்னும் ஒளியால் தூண்டப்படுபவர்கள் சிலர் உண்டு. 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கேமான் கேலிச்சித்திரத்தின் ஒரு பகுதியைப் பார்த்த சுமார் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். ஆனால், வலிப்பு நோயாளிகளில் ஒளியால் பாதிக்கப்படுபவர்கள் சிறுபான்மையினரே. விளையாட்டுக்காக விடிய விடிய விழித்திருப்பதுதான் பெரும்பாலானவர்களுக்குப் பெரிய ஆபத்து.

*தைப்பூசத்திற்கு விரதம் இருக்கலாமா, காவடி எடுக்கலாமா?*

சைவ உணவால் கெடுதல் இல்லை. பட்டினி கிடப்பது, இரவெல்லாம் விழித்திருப்பது, விரதம் என்று மாத்திரையை விடுவது ஆகியவைதான் ஆபத்து. நேர்த்திக்கடனை எப்படிச் செலுத்துவது என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். தீமிதி வேண்டவே வேண்டாம். இன்னொன்று, கோயிலில் ஒரு பிள்ளை விழுந்து துடித்தால் அருள் வந்துவிட்டது என்று கும்பிட்டு நிற்காமல், வலிப்பாக இருக்குமோ என்றும் பாருங்கள்.

*விளையாட்டில் சேரலாமா?*

சேரலாம், சேர வேண்டும். ஓட்டம், பந்து விளையாட்டு எல்லாம் உடலுக்கும் மனத்திற்கும் நல்லவை. நீச்சல் என்றால் உடன் ஒருவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் குளியலறைக் கதவைத் தாழிடாமல் குளிக்கப் பழக்குங்கள்.

பெற்றோர்களே, எங்கிருந்து தொடங்குவது?

பக்கத்தில் உள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலிருந்து தொடங்குங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் பெற்று, ஜொகூர் பாருவில் உள்ள சுல்தானா அமினா மருத்துவமனை, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் நிபுணர்களைப் பார்க்கலாம். மறுமுறை நிபுணரைப் பார்க்கும்போது 5 ரிங்கிட். வலிப்பு வரும்போது கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். பத்து வரி விளக்கத்தைவிட அது மருத்துவருக்குப் பயன்படும்.

அடுத்தது, பள்ளி. வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். வலிப்பு எப்படி வரும், வந்தால் என்ன செய்ய வேண்டும், யாருக்கு அழைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆசிரியர் பதறாமல் இருந்தால் வகுப்பும் பதறாது. கற்றல் குறைபாடும் சேர்ந்து இருந்தால், சமூக நல இலாகாவில் மாற்றுத் திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டையின் ஏழு பிரிவுகளில் வலிப்பு தனிப் பிரிவாக இல்லை. கற்றல் குறைபாடு இருக்கிறது.

மூன்றாவது, பிள்ளையின் மனம். மருத்துவரைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும், "எத்தனை தடவை வலிப்பு வந்தது?" என்ற கேள்வியோடு நிறுத்தாமல் தூக்கம், கோபம், படிப்பு, நண்பர்கள் ஆகியவற்றைப் பற்றியும் பேசுங்கள். மனச்சோர்வு இருந்தால், வலிப்பு குறைந்தும் வாழ்க்கை நன்றாக இல்லை என்றே அந்தப் பிள்ளை உணரும் என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. பிள்ளை வாழவே பிடிக்கவில்லை என்பது போல் பேசினால் அதை நடிப்பு என்று தள்ளாதீர்கள். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற மனநல உதவி எண்ணும் இருக்கிறது.

கடைசியாக, பிள்ளையிடமே பேசுங்கள். அவன் நோயின் பெயரை அவனுக்குச் சொல்லுங்கள். அவன் சாப்பிடும் மாத்திரையின் பெயரும் அளவும் அவனுக்குத் தெரியட்டும். பதினைந்து வயதில் தன் மருந்தைத் தானே எடுத்து வைக்கப் பழகுபவன், இருபத்தைந்து வயதில் யாருக்கும் பயந்து அதை மறைக்க மாட்டான். தன் நோய் அம்மாவும் அப்பாவும் கிசுகிசுக்கும் இரகசியம் அல்ல என்று தெரிந்தாலே, அந்தப் பிள்ளையின் கோபத்தில் பாதி குறைந்துவிடும்.